பற்றும் குறியும்

பற்றில்லாமல் செய்கிறவனைச் செயல் ஒட்டாது என்கிறார்கள். தூத்துக்குடியை ஒட்டிய மாப்பிள்ளையூரணியில் என் அடுத்த வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், இதைக் கீதையிலிருந்தும் சொல்வார், சைவ சித்தாந்தத்திலிருந்தும் சொல்வார். எங்கள் கோயிலில் தியானம் கொடுக்க வரும் இயேசு சபைக் குருக்கள் தங்கள் சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் பெயரால் ஏறத்தாழ இதையே சொல்வார்கள். வருஷக்கணக்காகக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். ஆனால் அந்தப் பேச்சுக்குள் ஒரு பெரிய கேள்வி பதிலில்லாமல் கிடக்கிறது என்று இப்போது எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. பற்றை விட்டவனின் கை நடுங்காது, சரி. நடுங்காத அந்தக் கை எதைக் குறிவைக்கிறது என்பதை யார் பார்ப்பது?

நான் ராணுவத்தில் இ.எம்.இ. பிரிவில் ஆர்மரராக இருந்தவன். துப்பாக்கியைச் சுட்டதைவிட, சுடுகிறவன் கையில் அது ஒழுங்காக நிற்கும்படி சீர்செய்ததுதான் என் வேலை. அதனால் பற்று, பற்றின்மை என்று யாராவது பேச ஆரம்பித்தால் என் மனம் நேராகப் பேரலுக்கும் கட்டைக்கும் போய்விடும். இந்தக் கட்டுரையிலும் அப்படித்தான் போகப் போகிறேன். தத்துவம் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ரைபிளைப் பிரித்துப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். அதில் இரும்பு ஒரு பாதி, மரம் ஒரு பாதி. இரும்பில் முன்னால் நீண்டிருப்பது பேரல். அதன் பின்முனை ஆக்‌ஷன் என்ற இரும்புக் கூட்டில் மரை போட்டு ஏறியிருக்கும். தோட்டா உட்காருவது பேரலின் அந்தப் பின்முனையில், போல்ட் பூட்டிக்கொள்வது இந்தக் கூட்டில். மரத்தில் தோள் அண்டும், கன்னம் படியும், இடது கை தாங்கும். சாதாரணமான ஒரு .22 ரைபிளில் இரும்பையும் மரத்தையும் சேர்த்துப் பிடிப்பவை ஆக்‌ஷனுக்கு அடியில் ஏறும் இரண்டு திருகுகள். பேரலோ, கட்டையில் நீளமாகக் குடைந்த ஒரு குழிவுக்குள் படுத்திருக்கும். பேரல் நல்லது, தோட்டா நல்லது, சுடுகிறவனும் நல்லவன், ஆனாலும் குறி அலைகிறது என்றால், ஆர்மரர் முதலில் சந்தேகப்படுவது இந்தக் குழிவைத்தான்.

சுடும்போது பேரல் அசையாமல் இருப்பதாகக் கண்ணுக்குத் தெரியும். உண்மையில் அது அதிர்கிறது. .303 ரைபிளின் குண்டு விநாடிக்கு 2,440 அடி வேகத்தில் வெளியேறுகிறது. 25 அங்குலப் பேரலைக் கடக்க விநாடியில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான் ஆகும். அதற்குள்ளேயே பேரலின் முனை ஆடத் தொடங்கிவிடும். அந்த ஆட்டத்தை நிறுத்த யாராலும் முடியாது, நிறுத்த வேண்டியதும் இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி ஆடினால் குண்டுகள் ஒரே இடத்தில் விழும். நடுவில் எங்கேயாவது மரம் ஒரு பக்கமாக இடித்தால்தான் வம்பு, ஏனென்றால் இன்றைக்கு இடிக்கிற அளவு நாளைக்கு இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் வாடையும் மழையும் சேர்ந்து வரும்போது மரம் ஈரத்தை இழுத்து ஊதிவிடும். ஆனி, ஆடியில் கச்சான் அடித்தால் காய்ந்து சுருங்கும். நீளவாட்டில் பெரிதாக மாறாது. ரேகைக்குக் குறுக்காகத்தான் ஊதலும் சுருங்கலும். இதை நான் ராணுவத்தில் தெரிந்துகொள்ளவில்லை. என் அப்பா ஓடாவி, தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப்போன தோணிகளுக்குப் பலகை பொருத்தியவர். பலகையைக் கையில் வாங்கியதும் விலை கேட்கமாட்டார். வெட்டி எவ்வளவு காலம் ஆயிற்று, எங்கே அடுக்கி வைத்திருந்தாய் என்றுதான் கேட்பார்.

செகந்திராபாத்தில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த உஸ்தாத் ஒரு பஞ்சாபி. மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த பழைய .303 ஒன்றைப் பிரித்துப் பரப்பி வைத்து, பேரல் எங்கே படலாம், எங்கே படக்கூடாது என்று விரலால் தொட்டுக் காட்டுவார். அந்த ரைபிளின் பேரல் மெல்லியது. முழுக்க விடுதலையாக விட்டால் அதற்கு நிதானம் கிடைக்காது. அதற்காகவே முன்கட்டையின் நுனிக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்னக் குமிழ், பேரலைக் கீழிருந்து மேலே மெல்லத் தாங்கிக்கொண்டிருக்கும். பின்னால் வந்த நம்பர் 4 மாடலில் ஸ்பிரிங் கிடையாது. கட்டையின் நுனியே சில பவுண்டு அழுத்தத்தில் பேரலைத் தாங்கும், நடுவழியில் எங்கேயும் படக்கூடாது. பேரல் முனையைக் கையால் மேலே இழுத்தால் சற்றே விலக வேண்டும், விட்டதும் அதே இடத்தில் வந்து உட்கார வேண்டும். போட்டிகளில் சுடும் கனமான பேரலின் கதை வேறு. பின்னால் ஆக்‌ஷனை இம்மியும் நகராதபடி இறுக்கிப் பிடித்து, முன்னால் முனைவரைக்கும் எதுவும் தொடாமல் விட்டுவிட வேண்டும்.

இதைப் பெட்டிங் என்போம். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் இதைத் ‘தளர்த்திவிடுகிற’ வேலை என்று நினைப்பார்கள். அப்படியில்லை. ஒரு இடத்தில் பிடி எவ்வளவு உறுதியோ அவ்வளவுக்குத்தான் மற்ற இடங்களில் விடுதலை கொடுக்க முடியும். பின்னால் ஆக்‌ஷன் ஆட்டம் கொண்ட ரைபிளில் முன்னால் பேரலை எவ்வளவு சுதந்திரமாக விட்டாலும் பயனில்லை. முன்னைவிட மோசமாகவே சுடும். துறவு அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் எல்லாவற்றையும் விடு என்று மொட்டையாகச் சொல்லி நிறுத்தாமல், பற்றற்றவனைப் பற்றிக்கொள், மற்றப் பற்றுகள் விடுவதற்காகவே அதைப் பற்று என்று சொன்னது இதனால்தான் என்று எனக்குப் படும். மெல்லிய பேரலுக்கு ஒரு தாங்கல் தேவைப்படுகிறது என்பதையும் நான் குறைவாக நினைப்பதில்லை. வள்ளுவரும் அறத்தை இல்லறம், துறவறம் என்று இரண்டு விதமாகத்தான் வைத்தார். பெண்டாட்டி பிள்ளைகளின் தாங்கலில் நேராக நிற்கிறவர்கள்தான் எங்கள் தெருவில் அதிகம். அந்தத் தாங்கல் ஒரு நாள் அதிகமாகவும் ஒரு நாள் குறைவாகவும் இல்லாமல் ஒரே சீராக இருந்துவிட்டால் அவர்களுக்கு ஒன்றும் கேடில்லை.

இவ்வளவு தூரம் நானும் என் அடுத்த வீட்டு ஆசிரியரும் ஒத்துப்போவோம். பிரிவது இதற்கு அப்புறம்தான். அதைச் சொல்ல ஒரு .22 ரைபிளின் கதையைச் சொல்ல வேண்டும்.

ஓய்வுக்குப் பிறகு ஒரு ரைபிள் கிளப்பில் பழுது பார்த்துக் கொடுப்பது வழக்கம். அங்கே ஒரு பிள்ளை 50 மீட்டரில் படுத்துச் சுடப் பழகிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு உப்பளத்தில் வேலை; பிள்ளை கல்லூரியில் என்.சி.சி.யில் ஆரம்பித்து இதற்கு வந்தவள். 50 மீட்டர் அட்டையில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், அதாவது ஒரு சட்டைப் பித்தானைவிடச் சிறியது. அவளிடம் இருந்தது கிளப்புக்குச் சொந்தமான மரக்கட்டை ரைபிள். மணல் மூட்டையில் வைத்துச் சுட்டால் ஐந்து குண்டும் ஒன்றாக விழும். தோள்வாரை இடது கையில் மாட்டி இறுக்கிப் படுத்தால் ஒரு நாள் இடதுபக்கம் போகும், ஒரு நாள் கீழே போகும். அவள் தன் மூச்சைச் சந்தேகப்பட்டாள், கண்ணைச் சந்தேகப்பட்டாள். கோச் அவள் மனதைச் சந்தேகப்பட்டார்.

“சார், எனக்கு ஒருமுகம் வரமாட்டேங்குதுன்னு சொல்றாங்க.”

“உனக்கு வருதா வரலையான்னு அப்புறம் பாப்போம் பிள்ளே. முதல்ல ரைபிளுக்கு வருதான்னு பாரு.”

பத்து ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்துப் பேரலுக்கும் கட்டைக்கும் நடுவில் நுனியிலிருந்து நுழைத்துப் பின்னால் இழுத்துக்கொண்டே போனேன். தடையில்லாமல் போய், ஆக்‌ஷனுக்கு ஒரு சாண் முன்னால் இடதுபக்கத்தில் நின்றுவிட்டது. நோட்டைத் திரும்ப நுனிக்குக் கொண்டுவந்து வைத்து, அவளைப் படுத்து வாரை இறுக்கச் சொன்னேன். நோட்டை இழுத்தேன். வரவில்லை. வார் இழுத்த இழுப்பில் முன்கட்டை வளைந்து பேரலைக் கவ்விப் பிடித்திருந்தது. மூட்டையில் நன்றாகச் சுட்டதற்கும் வாரில் அலைந்ததற்கும் காரணம் அவள் கையிலேயே தெரிந்தது. நோட்டை அவளே இழுத்துப் பார்க்கட்டும் என்று விட்டேன். இழுத்தாள், வாரைத் தளர்த்தி மறுபடி இழுத்தாள், இறுக்கி மறுபடி இழுத்தாள்.

வேலையைச் செய்ய எனக்கு அவசரம் கிடையாது. பேரலின் அடியில் மார்க்கிங் புளூவை மெல்லத் தடவி, கட்டையில் உட்காரவைத்துத் திருகுகளை முறுக்கி, மறுபடி கழற்றினால், மரத்தில் எங்கெங்கே நீலம் ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் பேரல் இடிக்கிறது. அந்த இடங்களைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டினேன். அப்பா தோணிப் பலகையின் கடைசி மயிரிழையை எடுத்தது அப்படித்தான். பிறகு உருண்டைக் கம்பில் உப்புத்தாள் சுற்றித் தேய்த்தேன். நீலம் தடவுவதும் சுரண்டுவதும் திரும்பத் திரும்ப நடந்தது. நோட்டு இரண்டாக மடித்து நுழைத்தாலும் வார் இறுக்கத்திலும் தடையில்லாமல் ஓட வேண்டும் என்பதுதான் என் கணக்கு. சுரண்டிய மரம் பச்சையாக நின்றால் அடுத்த வாடையில் ஈரம் குடித்துவிடும் என்பதால் குழிவு முழுவதும் வார்னிஷ் கொடுத்தேன்.

இது விடும் வேலை. பிடிக்கும் வேலை அதைவிடக் கஷ்டம். ஆக்‌ஷன் உட்காரும் இடத்தில் மரத்தை இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்குக் குடைந்து, சொரசொரப்பாக விட்டு, அலுமினியப் பொடி கலந்த அரால்டைட்டை அதில் நிரப்பி, ஆக்‌ஷனை அதன் மேல் இறக்க வேண்டும். காய்ந்ததும் அந்த இரும்பின் அச்சு வரி வரியாக அதில் பதிந்திருக்கும். உலகத்தில் வேறு எந்த ரைபிளும் அந்தக் குழியில் அப்படிப் பொருந்தாது. இறக்கும்போது திருகுகளை முறுக்கக்கூடாது. முறுக்கினால் இரும்பு வளைந்த நிலையிலேயே அச்சு உறைந்துவிடும். எல்லாவற்றுக்கும் முன்னால் இரும்பின் மேல் மெழுகுப் பாலிஷ் இரண்டு பூச்சு. திருகுத் துளைகளிலும் சந்துபொந்துகளிலும் பிள்ளைகள் விளையாடும் களிமண். மெழுகு ஒரு இடத்தில் விட்டுப்போனால் இரும்பும் மரமும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும், அப்புறம் உளியால்தான் பிரிக்க வேண்டும். ஒரு முழு நாள் காய விட்டு, ரப்பர் சுத்தியலால் தட்டிக் கழற்றினேன்.

கடைசியில் ஒரு சோதனை உண்டு. அதை அந்தப் பிள்ளையின் கையாலேயே செய்யவைத்தேன். முன்கட்டை நுனியில் ஒரு விரலைப் பேரலும் மரமும் சேர்த்துத் தொடும்படி வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு கையால் முன் திருகைத் தளர்த்தி, மறுபடி முறுக்க வேண்டும். விரலுக்குப் பேரல் எழுவதோ இறங்குவதோ தெரிந்தால் ஆக்‌ஷன் திணிக்கப்பட்டு உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அவள் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த தடவை ரேஞ்சில் வாரை இறுக்கிப் படுத்து ஐந்து குண்டு சுட்டாள். ஐந்தும் ஒரே ஓட்டை மாதிரி விழுந்தன. ஆனால் நடுவில் விழவில்லை. வலது கீழ்ப்பக்கம் இரண்டு விரல் தள்ளி விழுந்தன. டெலஸ்கோப்பில் பார்த்துவிட்டு அவள் முகம் வாடிவிட்டது. முன்பு அலைந்தபோதாவது இரண்டு குண்டு பத்தில் விழும், இப்போது ஒன்றுகூட விழவில்லை என்றாள்.

துப்பாக்கித் தொழிலில் எங்களுக்கு முதலில் சொல்லித்தருவது இதைத்தான். குரூப்பிங் வேறு, ஜீரோயிங் வேறு. குண்டுகள் ஒன்றாக விழுவது குரூப்பிங். விழ வேண்டிய இடத்தில் விழும்படி சைட்டைத் திருத்துவது ஜீரோயிங். பெட்டிங் கொடுப்பது முதலாவதை மட்டும்தான். பேரலைப் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடித்து, விட வேண்டிய இடத்தில் விட்டுவிட்ட ரைபிள், நீங்கள் எங்கே திருப்பினாலும் தடுமாறாமல் அங்கேயே போடும். தப்பான இடத்துக்கு ஜீரோ செய்திருந்தால் தப்பான இடத்தில்தான் தடுமாறாமல் போடும். அந்தப் பிள்ளை சைட்டின் திருகை இடமாகவும் மேலாகவும் சில கிளிக் திருப்பினாள், பத்து வந்தது, சந்தோஷமாகப் போனாள். என் வேலையும் முடிந்தது. ஆனால் பற்றின்மையைப் பற்றி அதுவரை கேட்ட எல்லாப் பிரசங்கங்களும் அந்த இடத்தில் எனக்குப் பாதியாக நின்றுபோயின. அவை குரூப்பிங்கைச் சொல்லிக்கொண்டிருந்தன. ஜீரோவைச் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் இது வெறும் தத்துவப் பேச்சாக இருக்க முடியாது. 2018 மே 22, ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். பனிமய மாதா கோயிலிலிருந்து கலெக்டர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலம் கிளம்பியது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் போனார்கள். அதில் பதின்வயதுப் பெண் ஒருத்தியும் உண்டு. வேன் மேல் ஏறி நின்று குறிபார்த்த காட்சியை நாடே பார்த்தது. ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. தூண்டுதல் இல்லாமல் சுட்டார்கள், ஓடிக்கொண்டிருந்தவர்களை மறைவிலிருந்து சுட்டார்கள் என்று அது சொல்கிறது.

அந்த அறிக்கை வெளிவந்த சமயத்தில் ஒரு சாயங்காலம் ஆசிரியர் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். பத்திரிகையை மடித்துக் கையில் வைத்திருந்தார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்.

“அண்ணாச்சி, சுட்டவனுக்கு அந்த ஜனங்க மேல பகை கிடையாது. கோபமும் இருந்திருக்காது. உத்தரவு வந்தது, செஞ்சான். பலன்ல பற்றில்லாம கடமையைச் செஞ்சவன்னு அவன் சொன்னா, நான் வாழ்நாள் பூரா பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுத்தத வெச்சு அவனுக்கு என்ன பதில் சொல்றது?”

அவர் யாருக்கும் வக்காலத்து வாங்கிக் கேட்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. தான் நம்பிய ஒன்று கொலைக்குத் துணைபோய்விடுமோ என்ற பயத்தில் கேட்டார். மரியாதையான கேள்வி அது. அதனால் ஆறுதல் சொல்லி அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை.

நான் சொன்னது இதுதான். அமைதி ஒரு நற்சான்று ஆகாது. கோபத்தில் சுடுகிறவன் கை உதறும், குண்டு வானத்துக்குப் போகும், மனிதன் பிழைத்துக்கொள்வான். பகையில்லாத, பதற்றமில்லாத கைதான் ஓடுகிறவனின் முதுகில் சரியாகப் போடும். பற்றின்மை அவன் செயலைச் சுத்தப்படுத்தவில்லை, கூர்மைப்படுத்தியது. சுத்தமா இல்லையா என்பது குண்டு யார் மேல் போகிறது என்பதில் இருக்கிறது. அது மனதின் அமைதியைப் பார்த்துத் தெரிகிற விஷயம் இல்லை, எதிரே நிற்கிறவனின் முகத்தைப் பார்த்துத் தெரிகிற விஷயம்.

ஆசிரியர் அதோடு விடவில்லை. அப்படியானால் பெரியவர்கள் எல்லாம் பற்றின்மையைத் தலைமேல் வைத்தது தப்பா என்றார். அதற்குப் பதில் தேடித்தான் நாங்கள் இரண்டு பேரும் அப்புறம் பல சாயங்காலங்கள் புத்தகங்களைப் புரட்டினோம். அவரிடம் வ.உ.சி. 1935-இல் வெளியிட்ட அறத்துப்பால் உரையும் சிவஞான போத உரையும் இருக்கின்றன. ஒட்டப்பிடாரத்தில் பிறந்து, கப்பல் விட்டு, சிறையில் செக்கிழுத்து, தூத்துக்குடியில் கண்ணை மூடியவர் தம் கடைசிக் காலத்தில் உட்கார்ந்து எழுதியவை. எங்கள் ஊர்க்காரர் உரை என்று அதை ஆசிரியர் தனி மரியாதையோடு எடுப்பார்.

குறளைப் புரட்டும்போது ஒன்று கண்ணில் பட்டது. உரை வேண்டாம், அதிகார வரிசையே போதும். துறவறம் பேசத் தொடங்கும் வள்ளுவர் முதலில் வைப்பது அருளுடைமை, 25-ஆம் அதிகாரம். புலால் மறுத்தல் 26. இன்னா செய்யாமை 32. கொல்லாமை 33. நிலையாமைக்குப் பிறகு, துறவு 35-ஆவதாகத்தான் வருகிறது. அருளைக் கற்று, பிறருக்குத் துன்பம் செய்யாமல் பழகி, கொல்லாமையில் நிலைத்த பிறகு, இப்போது பற்றை விடலாம் என்கிறார். அதுவரை விடச் சொல்லவில்லை. அதைப் பார்த்த அன்று ஆசிரியர் எழுந்து தன் வீட்டுக்குப் போய்க் கீதையை எடுத்து வந்தார். பக்தன் யார் என்று 12-ஆம் அத்தியாயத்தில் சொல்லும் இடம். எந்த உயிரையும் வெறுக்காதவன், எல்லோருக்கும் நண்பன், கருணை உள்ளவன் என்று தொடங்கி, அதற்குப் பிறகே ‘எனது’ என்ற எண்ணம் இல்லாதவன் என்று வருகிறது. இத்தனை வருஷம் படித்தும் இந்த வரிசையைப் பார்க்கவில்லையே என்று தன் புத்தகத்தைத் தானே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

என் பங்குக்கு நான் இஞ்ஞாசியாரைக் கொண்டுவந்தேன். அவரும் ஆயுதம் பிடித்த ஆள்தான். 1521-இல் பாம்பலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு காலை நொறுக்கிப் படுக்கையில் தள்ளியது. அந்தப் படுக்கையில்தான் மனம் மாறினார். அவருடைய முதல் தோழர்களில் ஒருவரான சவேரியார் 1542-இல் இந்த முத்துக்குளித்துறைக் கரைக்கே வந்து ஊர் ஊராக நடந்தார். இஞ்ஞாசியாரின் ‘ஆன்மப் பயிற்சிகள்’ 1548-இல் அச்சானது. அதன் தொடக்கத்தில் வரும் அடிப்படைப் பகுதியைத்தான் தியானக் குருக்கள் எப்போதும் சொல்வார்கள்: ஆரோக்கியமோ நோயோ, செல்வமோ வறுமையோ, நீண்ட ஆயுளோ குறுகியதோ, எதன் பக்கமும் சாயாமல் இரு. நாங்கள் கேட்டது அவ்வளவுதான். புத்தகத்தை நேராகப் படித்தால் அந்தப் பகுதியின் முதல் வாக்கியம் மனிதன் எதற்காகப் படைக்கப்பட்டான் என்பது. இறைவனைப் போற்ற, வணங்க, அவருக்கு ஊழியம் செய்ய. சாயாமல் இருப்பது அதற்குப் பிறகு, அதற்காகவே வருகிறது. குறி முன்னால், பிடியும் விடுதலையும் பின்னால்.

ரேஞ்சில் வரிசை நேர்மாறு. குரூப்பிங் வராத ரைபிளை ஜீரோ செய்யவே முடியாது. அலைகிற குண்டுகளில் எதை வைத்து சைட்டைத் திருத்துவது? அதனால் முதலில் பெட்டிங், பிறகு குரூப்பிங், கடைசியில் ஜீரோ. என் தொழில் புத்தி இந்த வரிசையிலேயே ஊறியது. மனிதனுக்கும் அப்படித்தான் என்று நினைத்து, முதலில் மனதை அடக்குவோம், நல்லது கெட்டதை அப்புறம் பார்ப்போம் என்று நிறையப் பேர் தியானத்தில் இறங்குகிறார்கள். ஆனால் ரைபிள் சரியாகும்வரை பட்டறை மேசையில் படுத்திருக்கும், யாரையும் சுடாது. மனிதன் சரியாகிக்கொண்டிருக்கும்போதே வாழ்ந்துகொண்டிருக்கிறான். பெண்டாட்டியிடம் பேசுகிறான், கூலி கொடுக்கிறான், உத்தரவு போடுகிறான், உத்தரவுக்குப் பணிகிறான். அவன் எந்நேரமும் சுட்டுக்கொண்டேதான் இருக்கிறான். அதனால் அவனுக்குக் குறியை முதலில் திருத்திக் கொடுத்தாக வேண்டும். அலைகிற கையாக இருந்தாலும் பரவாயில்லை, அன்பின் பக்கம் திரும்பிய கை அலைந்தாலும் பெரிய சேதம் வராது. பெரியவர்கள் மூன்று பேரும் அந்த வரிசையை வைத்ததற்குக் காரணம் இது என்று நான் நம்புகிறேன்.

ஆசிரியர் இதை முக்கால்வாசி ஒப்புக்கொண்டார். மீதிக் காலுக்கு அவர் கேட்டது என் மேலேயே வந்தது.

“அப்போ எல்லையில நிக்கிற சிப்பாய்? நீங்க சீர்செஞ்சு அனுப்பின ரைபிளெல்லாம்?”

சிப்பாய் இல்லாத நாடு வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆயுதம் ஏந்தி வருகிறவனை நிறுத்துவதும், கையில் ஒன்றுமில்லாமல் ஓடுகிறவனைச் சுடுவதும் ஒன்று என்று யாராவது சொன்னால் நான் ஏற்கவும் மாட்டேன். ஆனால் ரைபிளைச் சீர்செய்தவனுக்கு அது போகிற திசையோடு சம்பந்தமில்லை, எனக்கு எவர் மேலும் பகை இல்லை, வேலையைச் சுத்தமாகச் செய்தேன் என்று சொல்லி நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது. அப்படி ஒதுங்கினால், அன்று திண்ணையில் ஆசிரியர் பயந்த அதே பதிலைத்தான் நானும் சொல்கிறவன் ஆவேன். சம்பந்தம் உண்டு. எவ்வளவு என்று எனக்குக் கணக்கிடத் தெரியவில்லை, கடவுளிடம் விட்டிருக்கிறேன்.

ரைபிளைக் கட்டையிலிருந்து ஒரு தடவை கழற்றி மாட்டினால், பெட்டிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஜீரோவை மறுபடி பார்த்தாக வேண்டும் என்பது பட்டறை விதி. இஞ்ஞாசியார் மத்தியானமும் இரவும் ஆன்மப் பரிசோதனை செய்யச் சொல்கிறார். முன்பெல்லாம் அந்த நேரத்தில் இன்றைக்கு எத்தனை தடவை கோபப்பட்டேன், எதில் மனம் ஒட்டிக்கொண்டது என்றுதான் பார்ப்பேன். இப்போது இன்றைக்கு நான் செய்தது யார் மேல் போய் விழுந்தது என்பதை முதலில் பார்க்கிறேன். கோபத்தை அப்புறம் பார்க்கிறேன். ஆசிரியர் இன்னமும் காலையில் பத்மாசனத்தில் உட்கார்ந்து மனதை அடக்குவதிலிருந்தே தொடங்குகிறார். அதில்லாமல் அருள் தங்காது என்பது அவர் கட்சி. சாயங்காலம் நாங்கள் இதையே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.